அழிய வேண்டிய புரதம் அழியாமல் நின்றால்: பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் கண்டுபிடிப்பது எப்படி?

16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் பழுதான பாகங்களைத் தானே தின்று சுத்தம் செய்துகொள்ளும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி பல வருடமாக வாட்ஸாப்பில் சுற்றுகிறது. இப்போது அதோடு மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பிக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளும் சேர்ந்திருக்கின்றன. இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முக்கியமான கேள்வியை இரண்டுமே தொடாமல் போய்விடுகின்றன. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா இருக்கும்போது அதில் எது கெட்டது, எதைத் தூக்கிப் போட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? கண் கிடையாது, மூளை கிடையாது, சோதித்துப் பார்க்கிற ஆளும் கிடையாது. கடந்த 20 வருடத்தில் உயிரியலில் கிடைத்த மிக அழகான விடைகளில் ஒன்று இந்தக் கேள்விக்குக் கிடைத்தது. அது புரிந்துவிட்டால் விரதம், மாத்திரை, பார்க்கின்சன் நோய் மூன்றைப் பற்றியும் தெளிவாக யோசிக்க முடியும்.

முதலில் அடிப்படை

மைட்டோகாண்ட்ரியா (இலங்கைப் பாடப் புத்தகங்களில் இழைமணி) செல்லுக்கு ஆற்றல் தருகிற உறுப்பு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். இங்கே நமக்குத் தேவையானவை மூன்று விஷயங்கள்.

1. அதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு, வெளிச்சவ்வு ஒன்று, உள்சவ்வு ஒன்று. உணவிலிருந்து வரும் ஆற்றலைக் கொண்டு உள்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அதனால் உள்சவ்வின் குறுக்கே சுமார் 150 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குதான், ஆனால் சவ்வின் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே என்பதால் அந்த இடத்தில் மின்புலம் மிகக் கடுமையானது. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் தயாரிப்பு முழுக்க இந்த மின்னழுத்தத்தை நம்பித்தான் நடக்கிறது.

2. அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. மனிதரில் அது 16,569 எழுத்து நீளம், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். மீதி எல்லாம் உட்கருவின் மரபணுக்களைக் கொண்டு வெளியே தயாராகி, சவ்வுகளில் உள்ள வாசல்கள் வழியாக உள்ளே இறக்குமதி ஆகின்றன. வெளிச்சவ்வு வாசலின் பெயர் டாம், உள்சவ்வு வாசலின் பெயர் டிம். உள்ளறைக்குப் போகிற புரதங்களை உள்சவ்வு தாண்டி இழுப்பதற்கும் அதே மின்னழுத்தம் தேவை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது.

3. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா சும்மா கிடக்காது. ஆபத்தான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூடுதலாகக் கசியவிடும். மின்னழுத்தம் விழுந்துவிட்டால் ஏடிபி தயாரிக்கும் அதே நொதி தலைகீழாகச் சுழன்று, செல்லின் ஏடிபியைச் செலவழித்து மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அதாவது ஆற்றலைத் தர வேண்டியதே ஆற்றலைத் தின்ன ஆரம்பிக்கும். சவ்வு கிழிந்தால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ வெளியே வரும். மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதால் அந்த டிஎன்ஏ இன்னும் பாக்டீரியா டிஎன்ஏ மாதிரியே இருக்கிறது, செல்லின் தற்காப்பு அமைப்பு அதைத் தொற்று என்று நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடும்.

ஆக, கெட்டதை நீக்காமல் விட்டால் நஷ்டம். அவசரப்பட்டு நல்லதை நீக்கினாலும் நஷ்டம்.

ஆட்டோஃபேஜி வேறு, மைட்டோஃபேஜி வேறு

செல் தன் உள்ளிருக்கும் பொருட்களை ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்து, லைசோசோம் என்ற அமிலம் நிறைந்த பையோடு இணைத்துக் கரைப்பதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். 1963-இல் இந்தச் சொல்லைக் கொடுத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். இதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. அவர் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டுத்தான் ஆராய்ந்தார். வாட்ஸாப் செய்தியின் வேர் அங்கே இருக்கிறது.

பட்டினியில் நடக்கும் ஆட்டோஃபேஜி பெரும்பாலும் கையில் அகப்பட்டதை அள்ளிப் போடுகிற வகை. கச்சாப் பொருள் தட்டுப்பாடு, எதையாவது கரைத்து அமினோ அமிலம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மைட்டோஃபேஜி அப்படியில்லை. குறிப்பிட்ட ஒரு மைட்டோகாண்ட்ரியாவைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் சுற்றி வளைத்துக் கரைப்பது அது. கரைக்கிற கருவிகள் இரண்டுக்கும் ஒன்றே. தேர்ந்தெடுக்கிற முறைதான் வேறு.

இன்னொரு உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. 2011-இல் வந்த இரண்டு ஆய்வுகளில், ஆய்வகத்தில் வளர்த்த பாலூட்டிச் செல்களுக்கு உணவை நிறுத்தியபோது மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வலைபோல் ஆகிவிட்டன, அப்படி நீண்டதால் ஆட்டோஃபேஜியின் பைக்குள் அடைபடாமல் தப்பித்தன. பட்டினி நேரத்தில் ஆற்றல் நிலையங்களை எரித்துவிடாமல் செல் பாதுகாக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுதானே நியாயம்? உடம்பின் எல்லாத் திசுக்களிலும் எல்லா நேரமும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டினி கிடந்தால் பழுதான மைட்டோகாண்ட்ரியா தானாகப் பொறுக்கி எடுக்கப்படும் என்ற கணக்கு அவ்வளவு நேரடியானது இல்லை என்று காட்ட இது போதும்.

கண்டுபிடிக்கும் முறை: வராத ஆளை வைத்துத் தெரிந்துகொள்வது

சரி, இப்போது மையத்துக்கு வருவோம். இரண்டு புரதங்களின் பெயர் போதும்: பிங்க்1, பார்கின்.

கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைத் தேடி எந்தப் புரதமும் ரோந்து போவதில்லை. செல் செய்வது வேறு. ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பிங்க்1 என்ற புரதத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்து வெட்டிவிடும். கெட்டதால் அது முடியாது. வெட்டுப்படாமல் வாசலில் நிற்கும் பிங்க்1-தான் அபாய அறிவிப்பு. வரிசையாகப் பார்த்தால்:

1. பிங்க்1 செல்லின் திரவப் பகுதியில் தயாராகிறது. அதன் முன்நுனியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போ என்ற முகவரி இருக்கிறது.

2. நல்ல நிலையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் மின்னழுத்தம் அந்த முன்நுனியை உள்சவ்வு வரை இழுக்கும். அங்கே பார்ல் என்ற நொதி அதை வெட்டும். வெட்டுப்பட்ட மீதி வெளியே நழுவி, புரோட்டியசோம் என்ற அழிப்பு இயந்திரத்தில் விரைவிலேயே ஒழிந்துபோகும். அதனால் ஆரோக்கியமான செல்லில் பிங்க்1-ஐத் தேடினால் கண்ணில் படுவதே கடினம்.

3. மின்னழுத்தம் விழுந்துவிட்டால் இழுக்க ஆள் இல்லை. பிங்க்1 டாம் வாசலிலேயே சிக்கி நிற்கும், அடுத்தடுத்து வருவதும் சிக்கும், கூட்டம் சேரும். இரண்டு பிங்க்1 பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு விழித்துக்கொள்ளும். மனித பிங்க்1 இப்படி டாம் வாசலிலும் விடாக் என்ற இன்னொரு வெளிச்சவ்வுப் புரதத்தோடும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அமைப்பை மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தின் குழு 2025-இல் படம்பிடித்து வெளியிட்டது. இருபது வருடமாக மறைமுகச் சோதனைகளை வைத்து ஊகித்துக்கொண்டிருந்த காட்சி அது.

4. விழித்த பிங்க்1, வெளிச்சவ்வில் ஏற்கெனவே கொஞ்சம் ஒட்டியிருக்கும் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலக் குட்டிப் புரதத்தின் 65-ஆவது இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். 2014-இல் தெரியவந்த இந்த விவரம் துறையையே உலுக்கியது, ஏனென்றால் யுபிக்விட்டினை மற்ற புரதங்களின்மேல் ஒட்டும் சீட்டாகத்தான் எல்லோரும் பார்த்துப் பழகியிருந்தார்கள். அந்தச் சீட்டின்மேலேயே இன்னொரு முத்திரை விழுகிறது என்பது புதிது.

5. பார்கின் சாதாரணமாகத் தன்னையே மடித்துப் பூட்டிக்கொண்டு செயலற்றுத் திரியும். முத்திரை விழுந்த யுபிக்விட்டின் அதைப் பிடித்து நிறுத்தும், பிங்க்1 பார்கின்மேலும் பாஸ்பேட் ஒட்டும், பூட்டு திறக்கும். பார்கினின் வேலை யுபிக்விட்டினை ஒட்டுவது. அது ஒட்ட ஒட்ட பிங்க்1-க்கு முத்திரை போட இன்னும் இடம் கிடைக்கிறது, முத்திரை கூடக் கூட இன்னும் பார்கின் வந்து சேர்கிறது.

6. சீட்டு ஒட்டி மூடப்பட்ட அந்த மைட்டோகாண்ட்ரியாவை ஆப்டினியூரின், என்டிபி52 என்ற இடைத்தரகர் புரதங்கள் ஒரு கையால் பிடித்து, மறுகையால் ஆட்டோஃபேஜியின் சவ்வை அழைத்து வருகின்றன. பை மூடுகிறது, லைசோசோமோடு சேர்கிறது, கரைகிறது.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் அடிக்கடி ஒன்றோடொன்று சேரும், பிரியும். கெட்டது நல்லதோடு சேர்ந்துவிட்டால் காரியம் கெட்டது. அதனால் சேர்வதற்குத் தேவையான மைட்டோஃபியூசின் என்ற புரதத்தைப் பார்கின் ஆரம்பத்திலேயே சீட்டு ஒட்டி அழிக்க அனுப்பிவிடும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவை நகர்த்தும் தண்டவாளத்தோடு இணைக்கும் மைரோ என்ற புரதத்துக்கும் அதே கதி. முதலில் தனிமைப்படுத்தல், பிறகு அகற்றல்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்வது இதன் பொதுத்தன்மை. மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போக நூறு வழி இருக்கும், டிஎன்ஏ பழுது, நச்சு, சவ்வுக் கிழிசல், நொதிக் கோளாறு என்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு உணர்வி வைக்க முடியாது. ஆனால் பெரும்பாலான கோளாறுகள் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும்: இறக்குமதி நின்றுபோகும். மின்னழுத்தம் விழாமலேயே, உள்ளறையில் மடியாத புரதங்கள் குவிந்தால்கூட பிங்க்1 வெளியே தேங்குவதை 2013-இல் காட்டினார்கள். வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவதில்லையா, அதே தர்க்கம்தான். உள்ளே என்ன ஆனது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

பிரேக்கும் உண்டு. வெளிச்சவ்விலேயே உட்கார்ந்திருக்கும் யுஎஸ்பி30 என்ற நொதி யுபிக்விட்டினைப் பிய்த்து எடுத்துக்கொண்டே இருக்கும். கண நேரத் தடுமாற்றத்துக்கெல்லாம் ஒரு நல்ல மைட்டோகாண்ட்ரியா பலியாகாமல் இருக்க இது உதவுகிறது. சிகிச்சை பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் திரும்ப வரும்.

இது எப்படித் தெரியவந்தது

நோயிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. 1998-இல் ஜப்பானியக் குழு ஒன்று, இளம் வயதிலேயே பார்க்கின்சன் (நம் பக்கம் நடுக்குவாதம்) வந்த குடும்பங்களில் ஒரு மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்து அதற்குப் பார்கின் என்று பெயர் வைத்தது. 2004-இல் இத்தாலிய, ஸ்பானியக் குடும்பங்களில் பிங்க்1 பழுது தெரியவந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

2006-இல் பழ ஈக்கள் அதைச் சொல்லின. பிங்க்1 இல்லாத ஈயும் பார்கின் இல்லாத ஈயும் ஒரே மாதிரி நோயுற்றன: பறக்கும் தசை சிதைவு, ஆண் ஈக்களுக்கு மலட்டுத்தன்மை, வீங்கிய மைட்டோகாண்ட்ரியா. பிங்க்1 இல்லாத ஈக்குப் பார்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் தேறியது. பார்கின் இல்லாத ஈக்குப் பிங்க்1-ஐ எவ்வளவு கொடுத்தும் தேறவில்லை. அப்படியானால் பிங்க்1 மேலே, பார்கின் கீழே, ஒரே சங்கிலி.

2008-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டெரெக் நரேந்திரா, ரிச்சர்ட் யூல் குழுவினர் செல்களின் மின்னழுத்தத்தை ஒரு வேதிப்பொருளால் வீழ்த்திவிட்டுப் பார்த்தார்கள். செல் முழுக்கப் பரவிக் கிடந்த பார்கின் மைட்டோகாண்ட்ரியாமேல் போய்க் குவிந்தது, ஓரிரு நாளில் பல செல்களில் மைட்டோகாண்ட்ரியாவே மிச்சமில்லை. இந்தச் சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது, எல்லா மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரே அடியில் கெடுப்பது உடம்பில் நடக்கிற காரியம் இல்லை. ஆனாலும் வழி திறந்தது அங்கேதான்.

ஒரே வழி என்று நினைத்துவிட வேண்டாம்

நம் சிவப்பு ரத்த அணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது, ஒவ்வொன்றும் முதிரும்போது தன் மைட்டோகாண்ட்ரியா முழுவதையும் கழித்துக்கட்ட வேண்டும், அவை நன்றாகவே இருந்தாலும் சரி. இதற்கு நிக்ஸ் என்ற புரதம் வெளிச்சவ்வில் வந்து உட்கார்ந்து ஆட்டோஃபேஜிச் சவ்வை நேரடியாகக் கூப்பிடுகிறது, யுபிக்விட்டின் சீட்டெல்லாம் கட்டாயமில்லை. ஆக்சிஜன் குறையும்போது பிநிப்3, ஃபண்ட்சி1 என்ற புரதங்கள் இதே மாதிரி வேலை செய்கின்றன.

முழு மைட்டோகாண்ட்ரியாவையும் தூக்கிப் போடாமல், கெட்டுப்போன ஒரு மூலையை மட்டும் குட்டிப் பையாகக் கிள்ளி லைசோசோமுக்கு அனுப்பும் வழியும் உண்டு. செலவு குறைந்த பழுதுபார்ப்பு அது.

கெட்டுப்போனால் என்ன ஆகும்

தோல், குடல் மாதிரி இடங்களில் செல்கள் அடிக்கடி மாற்றப்படும். நரம்புச் செல்லுக்கு அந்த வசதி இல்லை, பிறந்ததிலிருந்து கடைசி வரை அதே செல். பார்க்கின்சனில் முதலில் அடிபடும் டோபமின் நரம்புச் செல்களின் கிளை விரிவு திகைக்க வைப்பது, எலியில் போட்ட கணக்கின்படி ஒரே செல்லுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். அவற்றுக்கெல்லாம் ஆற்றல் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் எப்போதும் விளிம்பிலேயே வேலை செய்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சால் இளைஞர்கள் சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அந்த நச்சு உடம்பில் மாறி, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித் தொகுதியைத்தான் முடக்குகிறது.

பிங்க்1, பார்கின் பழுது நோயாக வெளிப்பட மரபணுவின் இரண்டு பிரதிகளும், அதாவது அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும், பழுதாக வேண்டும். உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இப்படி இரண்டும் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு கூடும். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் இன்னும் வழக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில், 40 வயதுக்கு முன்பே நடுக்கமோ உடல் இறுக்கமோ தொடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் குடும்ப விவரத்தையும் சேர்த்துச் சொல்வது அவசியம். அதே நேரம் பயப்படவும் வேண்டாம், இது அரிய வகை. பார்க்கின்சன் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த மரபணுக்களில் பழுது இல்லை.

இங்கே ஒரு முடிச்சும் இருக்கிறது. பிங்க்1-ஐயோ பார்கினையோ நீக்கிய எலிகளுக்குப் பார்க்கின்சன் தெளிவாக வருவதில்லை. 2018-இல் எலிகளின் திசுக்களில் நேரடியாக அளந்தபோது, பிங்க்1 இல்லாமலேயே அன்றாட மைட்டோஃபேஜி பெரும்பாலும் வழக்கம்போல் நடப்பது தெரிந்தது. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், பார்கின் அல்லது பிங்க்1 இல்லாத எலிகளைக் களைத்து விழும் வரை ஓடவிட்டபோது கடும் அழற்சி கிளம்பியது, வெளியே கசிந்த டிஎன்ஏவைக் கண்டு அலறும் ஸ்டிங் என்ற புரதத்தை நீக்கியதும் அந்த அழற்சி அடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: பிங்க்1, பார்கின் ஜோடி தினசரித் துப்புரவுக்கு அல்ல, நெருக்கடிக்கு. வாழ்நாள் முழுக்கச் சேர்கிற நெருக்கடிகளின் கணக்கு மனித மூளையில் தெரிகிறது, இரண்டு வருடம் வாழும் எலியில் தெரிவதில்லை.

சிகிச்சை, மாத்திரை, மாதுளை

மருந்தாக முயற்சி நடப்பது முக்கியமாக இரண்டு திசையில். ஒன்று, பிரேக்கைத் தளர்த்துவது, அதாவது யுஎஸ்பி30-ஐத் தடுக்கும் மூலக்கூறுகள். மற்றது, பிங்க்1-ஐயோ பார்கினையோ சுலபமாக விழிக்க வைக்கும் மூலக்கூறுகள். 2025-இல் கிடைத்த அந்த அமைப்புப் படம் இரண்டாவதற்குப் பெரிய உதவி, ஏனென்றால் எந்த மடிப்பில் மருந்து உட்காரலாம் என்று இப்போது கண்ணால் பார்த்து வடிவமைக்க முடியும்.

மாதுளையைப் பொறுத்தவரை, அதில் உள்ள எல்லாஜிடானின்களை நம் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. 2016-இல் வந்த ஆய்வில் அது புழுக்களின் ஆயுளைக் கூட்டியது, எலிகளின் தசைத் திறனை மேம்படுத்தியது, மைட்டோஃபேஜியும் கூடியது. ஆனால் இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் போதுமான அளவு இல்லை, ஒரே பழத்தைத் தின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் யூரோலித்தின் கிடைக்கலாம். அதனால்தான் அந்தப் பொருளையே மாத்திரையாக விற்கிறார்கள். 65 வயதைத் தாண்டிய 66 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான மனிதச் சோதனையில் தசைகளின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. ஆனால் சோதனையின் முதன்மை அளவுகோல்களான 6 நிமிட நடைத் தூரத்திலும் தசையின் அதிகபட்ச ஏடிபி உற்பத்தியிலும் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு வைத்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வந்தால் இரண்டாவது பாதியையும் கேளுங்கள்.

அப்புறம் அளவிடுவது. ஆய்வக எலியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் இரட்டைச் சாயப் புரதத்தை மரபணு வழியாகப் பொருத்திவிடுகிறார்கள். லைசோசோமின் அமிலத்துக்குள் போனதும் பச்சை அணைந்து சிவப்பு மட்டும் மிஞ்சும், சிவப்புப் புள்ளிகளை எண்ணினால் மைட்டோஃபேஜியின் கணக்கு கிடைத்துவிடும். மனிதருக்கு அப்படிச் சாயம் பொருத்த முடியாது. தசையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்ப்பது, பிங்க்1 முத்திரை போட்ட யுபிக்விட்டின் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளப்பது போன்ற மறைமுக வழிகள்தான் இருக்கின்றன. விரதத்தாலோ மாத்திரையாலோ உங்கள் மூளையில் ஒரு மைட்டோகாண்ட்ரியாவாவது கூடுதலாக அகற்றப்பட்டதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எந்த லேபிலும் இன்று இல்லை.